வேர்த்த பெட்டி

ஆறுமுகநயினார் ஒரு சாமானை வாங்கினால் முதலில் அதை ஊருக்குக் காட்டுவார். எதற்கு வாங்கினோம் என்ற யோசனை எல்லாம் பிறகுதான் வரும். வீட்டில் பிரிட்ஜ் வந்த புதிதில் அதைக் கூடத்தில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கதவைத் திறந்து திறந்து காட்டியே உள்ளே இருந்த பாலைக் கெடுத்தவர் அவர். அப்படிப்பட்ட மனிதருக்கு 1988-ஆம் வருஷம் கம்ப்யூட்டர் ஆசை வந்துவிட்டது. தென்காசிக்காரர்கள் யாராவது முந்திக்கொள்வதற்குள் தன் மண்டியில் அது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் ஆசையின் முக்கால்வாசி.

மண்டி குற்றாலம் மெயின் ரோட்டில் இருந்தது. மலையில் விளையும் மங்குஸ்தான், ரம்புட்டான், கிராம்பு எல்லாம் அங்கே வந்துதான் வெளியூர் போகும். பின்பக்கம் பழம் வைக்க ஒரு குளிர் அறை. ஆட்கள் அதை ஐஸ் ரூம் என்பார்கள். சீசன் நேரத்தில் பழக்கூடைகள் அங்கிருந்து வெளியே வருவதும், வந்த சற்று நேரத்தில் பழமெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நிற்பதும் தினசரிக் காட்சி. பழம் என்றால் உள்ளே சாறு இருக்கும், குளிரில் இருந்துவிட்டு வந்தால் அது வெளியே கசியும் என்பது மண்டியில் எல்லோருடைய எண்ணமும். அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

மண்டியில் டைப் அடித்துக்கொண்டிருந்த குழல்வாய்மொழியைத்தான் முதலாளி மதுரைக்கு அனுப்பி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அவள் வடகரைக்காரி. அம்மா பாலம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், அப்பா இல்லை. குழலியின் சம்பளத்தில்தான் இப்போது வீட்டில் அடுப்பு எரிந்தது. மதுரையில் படித்துவிட்டு வந்த பெண் என்றதும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று மண்டி முடிவு கட்டிவிட்டது. தனக்கு எவ்வளவு தெரியாது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தை மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நடமாடினாள்.

தெரிந்த ஒன்றிரண்டை மட்டும் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொன்னாள். அந்த மெஷினுக்குத் தூசி ஆகாது, செருப்போடு பக்கத்தில் வரக்கூடாது, கையைக் கழுவாமல் யாரும் தொடக்கூடாது என்றாள். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். மூலஸ்தானத்துக்குள் போகிற மாதிரியல்லவா சொல்லுகிறாள் என்றான் இசக்கிப்பாண்டி. கணக்கப்பிள்ளை சொரிமுத்து அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

சொரிமுத்து முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அந்த மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மெஷின் வந்துவிட்டால் இனி உமக்கு என்ன வேலைவே என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரைச் சீண்டினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் முகம் போகிற போக்கைக் குழலி கவனித்திருக்கிறாள். பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள். அவருக்குச் சொல்ல அவளிடம் சமாதானம் எதுவும் இல்லை.

மெஷின் வைகாசி மாதத்து வெயிலில் லாரியில் வந்து இறங்கியது. எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளி மதுரைக் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டார். ஏ.சி. மாட்டும்வரை குளிர்ந்த இடமாகப் பார்த்து வையுங்கள் என்று பதில் வந்தது. முதலாளிக்கு ஒரே பெருமை. ஐஸ் ரூமை விடக் குளிர்ந்த இடம் இந்த ஜில்லாவிலேயே உண்டா என்று கேட்டுக்கொண்டே பெட்டிகளை மங்குஸ்தான் கூடைகளுக்குப் பக்கத்தில் அடுக்கச் சொல்லிவிட்டார்.

ஆனி பிறந்தது, சாரல் பிடித்துக்கொண்டது. ஏ.சி. மாட்டச் சுவரில் ஓட்டை போட்ட கொத்தனார் அதோடு ஆளைக் காணோம். மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்து மாட்டித் தருவதற்கு ஆடியில்தான் நாள் கொடுத்தார்கள். ஆடி என்ற வார்த்தையைக் கேட்டதும் முதலாளி துள்ளிக் குதித்தார். புதுச் சாமானை யாராவது ஆடியில் தொடங்குவார்களா. நேராகத் தென்காசி போய் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, மண்டி நடுவில் நின்று அறிவித்தார்: ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, காலையில் ராகுகாலம் பிறக்கும் முன்னே ஸ்விட்ச் போட்டுவிட வேண்டும். இன்ஜினியர் எதற்கு, நம்ம குழலு படித்திருக்கிறாள் அல்லவா என்றார். மதுரையில் வயர் மாட்டுவதெல்லாம் வாத்தியார்தான் செய்வார், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்று சொல்லக் குழலி வாயெடுத்தாள். ஆனால் தலைதான் சரி என்று ஆடியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பி, சாரல் விடட்டும் என்று மண்டித் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். அப்போது சொரிமுத்து அண்ணாச்சி ஐஸ் ரூமிலிருந்து வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். இரண்டு கையும் நனைந்திருந்தது. துண்டில் துடைத்துக்கொண்டே இங்கும் அங்கும் பார்த்தவர், அவளைக் கண்டதும் திடுக்கிட்டார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவளும் பஸ் வந்த அவசரத்தில் அதை மறந்தாள்.

மறுநாள் மண்டி கல்யாண வீடாகிவிட்டது. வாழைமரம், மாவிலை, ஜரிகை வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள். இசக்கிப்பாண்டியும் ஆட்களும் பெட்டியை ஐஸ் ரூமிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். குழலி வயர்களை மாட்டினாள். தொட்ட இடமெல்லாம் விரல் மரத்தது, அவ்வளவு குளிர்ச்சி. சுவரில் இருந்த ஓட்டை வழியாகச் சாரல் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. திரையைத் துணியால் துடைத்தாள். அது உடனே மறுபடி மங்கியது. இன்னொரு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தால் பெட்டியின் நெற்றியில் சின்னச் சின்னதாக நீர்த்துளி அரும்பியிருந்தது.

மெஷின் வேர்க்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பழத்தில் சாறு உண்டு, வேர்க்கும். இரும்புக்குள் சாறு ஏது.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "சிக்கல்ல சிங்காரவேலருக்கு வேல் வாங்கும்போது வேர்க்கும். கேள்விப்பட்டிருக்கியளா? இங்கனயும் சாமி எறங்கியாச்சு" என்று இரண்டு கையையும் கூப்பினார். கூட்டம் முழுவதும் கூப்பியது. குழலியும் கூப்பினாள். கூப்பிய கைக்குள்ளே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை. மின்சாரப் பெட்டி நனைந்திருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மொதலாளி, கொஞ்சம் பொறுத்து…" என்று ஆரம்பித்தாள்.

"பொறுக்கதுக்கு நேரம் ஏதுட்டி? இந்தா ராவுகாலம் பொறக்கப் போவுது. போடு ஸ்விட்ச்ச."

அவள் போட்டாள். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து ஒரு இழை புகை, முடி கருகுகிற நாற்றம். திரையில் ஒன்றும் வரவில்லை. யாரோ சூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

குழலி ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுத்தாள். தன் விரலைப் பார்த்தாள். அந்த விரல்தான் செய்தது. அந்தப் பெட்டியின் விலைக்கு வடகரையில் நல்ல நஞ்சையே வாங்கலாம் என்று முதலாளி எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார். அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மதுரைக்குப் போன் போட்டதில் இன்ஜினியர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். அதுவரை பொறுக்கிற ஆளா முதலாளி. திற, உள்ளே என்ன என்று பார்க்கலாம் என்றார். வயரைப் பிடுங்கிவிட்டு, குழலி ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினாள். மூடியைத் தூக்கியதும் எல்லோரும் குனிந்தார்கள். மின்சாரம் ஓடுகிற பச்சைப் பலகை முழுக்க நீர்த்துளி. அடித்தகட்டில் கோடு போட்ட மாதிரித் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

முதலாளியின் குரல் எழும்பியது. வெளியே வேர்த்தால் சாமி, உள்ளே தண்ணீர் கிடந்தால் ஆசாமி என்பது அவர் கணக்கு. எவனோ ஊற்றியிருக்கிறான், தன் பெயரைக் கெடுக்கத் திட்டம் போட்டு ஊற்றியிருக்கிறான் என்றார். ஒட்டின பெட்டியாயிற்றே என்று இசக்கிப்பாண்டி இழுத்தான். பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டத் தெரியாதா என்று ஒரு அதட்டல். அவர் பார்வை ஒவ்வொரு முகமாகத் தடவிக்கொண்டு வந்தது.

"நேத்து சாயந்தரம் கடைசியா ஐஸ் ரூம் பக்கம் நின்னது யாருலே?"

நம்ம குழலுதான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்று எவனோ சொன்னான். பார்வை அவள் மேல் வந்து நின்றது. அந்த நொடியில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அந்தக் கண்கள் தன்னை விட்டு நகர்ந்தால் போதும் என்று மட்டும் இருந்தது. நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

"சொரிமுத்து அண்ணாச்சிதான் உள்ள இருந்து வந்தாவ. கை ரெண்டும் நனைஞ்சிருந்துது."

சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்த உடனே, அதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று துடித்தாள். கண்கள் அவளை விட்டு நகர்ந்துவிட்டன. நகர்ந்து, ஓரமாக நின்ற அந்த மெலிந்த மனிதரின் மேல் போய் விழுந்தன.

போனது உண்டா என்று முதலாளி கேட்டார். போனேன் என்றார் சொரிமுத்து. எதற்கு என்று கேட்டார். பதில் இல்லை. கை எப்படி நனைந்தது என்று கேட்டார். துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட மாட்டாரா என்று குழலி மனசுக்குள் கெஞ்சினாள். தன் பிழைப்பில் மண் போட வந்த மெஷின் என்று நினைத்து ஊற்றிவிட்டார் என்று கூட்டமே தீர்மானித்தது. முதலாளி போனை எடுத்து, தென்காசி ஸ்டேஷனில் தனக்குத் தெரிந்த ஏட்டையாவை வரச் சொன்னார்.

அவரைக் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்கார வைத்தார்கள். இசக்கிப்பாண்டி பக்கத்தில் காவல். அண்ணாச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதுவும் யாரிடம் என்றில்லாமல்.

"வீட்டுல ஆவுடைத்தாய்ட்ட மட்டும் சொல்லிராதீய."

ஆவுடைத்தாய் அவர் சம்சாரம்.

அந்த நேரத்தில்தான் முதலாளிக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. பிரிண்டர் பெட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதிலும் ஊற்றி வைத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு வா என்று சாவியைக் குழலியின் கையில் கொடுத்தார். அவள் அதுவரை ஐஸ் ரூமுக்குள் போனதே இல்லை. ஆபீஸ் பெண்களுக்கு அங்கே என்ன வேலை. தடித்த கதவு பின்னால் மூடிக்கொண்டதும், திறக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பயம் முதுகில் ஏறியது. மஞ்சள் பல்பு ஒன்று எரிந்தது. குளிர் முட்டிக்குள் புகுந்தது. பிரிண்டர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒட்டின நாடா ஒட்டினபடி இருந்தது. தடவினாள், நல்ல காய்ந்த அட்டை. பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்த இடத்தில் தரையைத் தடவினாள். அங்கேயும் ஈரம் இல்லை. ஊற்றியிருந்தால் அட்டை நனைந்திருக்க வேண்டும், தரையில் சொட்டியிருக்க வேண்டும். காலையில் பிரித்த அட்டையும் மொறமொறவென்றுதானே இருந்தது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் பெட்டிக்குள் போயிற்று.

யோசித்துக்கொண்டே நெடுநேரம் நின்றுவிட்டாள். பல் கிட்டிப்போன பிறகுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததும் உலகமே வெள்ளையாகிவிட்டது. கண் போய்விட்டது என்றே நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணாடியைக் கழற்றினாள். கண் சரியாகத்தான் தெரிந்தது. கண்ணாடிதான் மங்கியிருந்தது. தாவணியில் துடைத்துப் போட்டாள். மறுபடி மங்கியது. இன்னொரு தடவை துடைத்தாள். இன்னொரு தடவை மங்கியது. கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். இரும்புச் சாவி முழுக்க ஈரம்.

காலையில் திரையைத் துடைத்தது ஞாபகம் வந்தது. அதே மாதிரிதான் அதுவும் துடைக்கத் துடைக்க மங்கியது. தன் கண்ணாடி மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கண்ணாடிக்குள் சாறும் கிடையாது. காற்றில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்த பொருளைக் கண்டதும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெட்டிக்குக் காற்றுப் போக வழி இருக்கிறது. வெளியே உட்கார்ந்த மாதிரியே அது உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஈரத்தில்தான் அவள் மின்சாரத்தை விட்டாள். பழம் வேர்ப்பதும் இதே கதைதான். பழத்துக்குள்ளிருந்து ஒரு சொட்டும் வெளியே வந்ததில்லை.

தெரிந்துவிட்டதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் இரண்டு மடங்காயிற்று. இதைச் சொன்னால், அப்படியானால் ஸ்விட்ச் போட்டது யார், ஆறு மாதம் என்னத்தைப் படித்துக் கிழித்தாய் என்ற கேள்விதான் அடுத்து வரும். வேலை போகும். அது மட்டுமா. சாமி இறங்கிவிட்டது என்று கூட்டத்துக்கு நடுவில் கைகூப்பிய மனிதரிடம் போய், அது சாமி இல்லை, நீங்கள் குறித்துக்கொண்டு வந்த நேரம்தான் மெஷினைக் கொன்றது என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்தால் போதும். சொரிமுத்து அண்ணாச்சி ஏட்டையாவோடு நடந்து போய்விடுவார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு எழுத்தும் அடிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஏட்டையா சைக்கிளில் வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்தார். விசாரித்தார். சரி, ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று சொரிமுத்துவிடம் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கூடையை விட்டு எழுந்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கை தூணைத் தேடியதைப் பார்த்தவுடன் குழலி எழுந்துவிட்டாள். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"மொதலாளி, இன்னொரு பெட்டி உள்ள இருக்குல்லா. அத நீங்களே எடுத்துட்டு வந்து, உங்க கையாலயே பிரிங்க. வேற யாரும் தொடாண்டாம்."

பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. முதலாளி முறைத்தார். ஏட்டையா மட்டும், பிரித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றார். பிரிண்டர் பெட்டி வெளியே வந்து மேஜையில் உட்கார்ந்தது. முதலாளியே நாடாவை அறுத்தார், தெர்மோகோலை எடுத்தார், பிளாஸ்டிக் உறையை உருவினார். மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். இரும்புத் தண்டும் சக்கரமும் பளபளவென்று இருந்தன, ஒரு துளி ஈரம் இல்லை.

இப்போது என்ன என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றாள் குழலி.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே சாரல் நின்று, சுவர் ஓட்டை வழியாக ஒரு கீற்று வெயில் மேஜையில் வந்து விழுந்தது. பாவி வெயில், காலையிலிருந்து வராதது இப்போதுதான் வர வேண்டுமா. ஏட்டையா கொட்டாவி விட்டார். தான் நினைத்தது தப்பாக இருந்தால் என்ற எண்ணம் குழலிக்கு வந்தது. தப்பாக இருந்தால் இரண்டு பேர் போக வேண்டியதுதான். ஐந்தருவிப் பக்கமிருந்து காற்று ஒரு சுழற்று சுழற்றி, மறுபடி சாரலை உள்ளே கொண்டுவந்து தெளித்த மாதிரி வீசியது. அவள் இரும்புத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டின் பளபளப்பு மெல்ல மங்கியது. மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு புகைச்சல். பிறகு புள்ளி புள்ளியாக ஈரம். புள்ளிகள் சேர்ந்து துளியாயின. ஒரு துளி தண்டின் வழியே ஓடி, முனையில் தொங்கி, கீழே சொட்டியது.

ஏட்டையா விரலால் தொட்டுப் பார்த்தார். "இது யாரு ஊத்துனது?" என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரம் செய்கிற மனிதர், மூளை இல்லாதவர் இல்லை. காலையில் கைகூப்பியது, நேரமாகிறது என்று அதட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. கடைசியில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்போ ஈரத்தோட ஸ்விட்ச்சப் போட்டது யாருட்டி?"

"நான்தான் மொதலாளி."

"படிச்ச பிள்ளதானே. ஒனக்குத் தெரியாண்டாமா?"

போடச் சொன்னது நீங்கள்தான் என்று அவள் சொல்லலாம். சொல்லவில்லை. சொன்னால் அதோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டாலும் முடிந்ததுதான் என்றும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

தூணைப் பிடித்துக்கொண்டிருந்த சொரிமுத்து அண்ணாச்சி அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அவ பொறுக்கத்தான் சொன்னா மொதலாளி. நேரம் குறிச்சது நான்தான். அதுக்குள்ள போட்டே ஆகணும்னு அவசரப்படுத்துனதும் நான்தான்."

மண்டி முழுவதும் அப்படியே நின்றது. ஜோசியரிடம் போய் நேரத்தை வாங்கிக்கொண்டு வந்து, இதே இடத்தில் நின்று அறிவித்தது யார் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். அவர் தன் கணக்கப்பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஆமாம் என்று சொல்லவும் வாய் இருந்தது. இரண்டையும் சொல்லாமல் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"ஏட்டையாவுக்கு இன்னொரு டீ சொல்லுங்கலே" என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "நீரு போயிச் சாப்பிடும்வே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே குழலி கம்ப்யூட்டரை மூடி இல்லாமல் அப்படியே தூக்கச் சொல்லி, கிராம்பு உலர்த்துகிற அறையில் கொண்டு வைத்தாள். அங்கே எப்போதும் இதமான ஒரு சூடு இருக்கும். பிரிண்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்தது. முதலாளி பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவளுக்கும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆடி பிறந்தது. மதுரையிலிருந்து இன்ஜினியர் மசூது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயசுக்காரர். குழலி நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கிராம்பு வாசம் அடிக்கிற பலகையை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். கரண்ட் வாங்கிக் கொடுக்கிற பெட்டி மட்டும்தான் எரிந்திருக்கிறது, பலகை தப்பித்துவிட்டது என்றார். குளிரில் வைத்ததைக் குறை சொல்ல முடியாது, எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க வெளியே சும்மா வைத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது, அதைப் போனில் சொல்லாமல் விட்டது தங்கள் ஆட்களின் தப்பு என்றும் சொன்னார். கையோடு கொண்டுவந்திருந்த வேறு பெட்டியை மாட்டினார்.

"போடுங்க" என்றார்.

குழலியின் கை ஸ்விட்ச் வரைக்கும் போய் நின்றுவிட்டது. விரல் கேட்கவில்லை. காதுக்குள் அந்த டப் சத்தம் இன்னும் இருந்தது. மேளம் இல்லை, மாவிலை இல்லை, ஆடி மாதம். முதலாளி தன் அறையில் இருந்து வெளியே வரவே இல்லை. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சொரிமுத்து அண்ணாச்சியை அவர் இடத்தில் காணோம். பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அவர் வந்தார். இரண்டு கையும் நனைந்திருந்தது. துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை தாழ்வாரத்தில் நின்று பார்த்த அதே காட்சி.

"அன்னைக்கும் இதுக்குத்தானா அண்ணாச்சி?"

"நீதானே சொன்னே, கழுவாமத் தொடக்கூடாதுன்னு." அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எஞ்சோத்துக்குப் போட்டியா வந்த சாமான, ஆளு இல்லாத நேரமாப் பாத்து ஒரு தடவ தொட்டுப் பாத்துரலாம்னு போனேன். பாத்தா அட்டைப்பெட்டிதான் இருக்கு. அதத் தொட்டுட்டு வந்துட்டேன். இத அத்தன பேரு முன்னால எப்பிடித் தாயி சொல்ல?"

"நான் உங்க பேரச் சொல்லியிருக்கக் கூடாது."

"கண்டதத்தானே சொன்னே" என்றார் அவர். "பயந்து போயிருந்தே. நானும்தான் பயந்து போயிருந்தேன்." பிறகு குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "இப்ப ஸ்விட்ச்ச நான் போடட்டுமா?"

அவள் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். விரல் இடுக்கில் இன்னும் நசநசப்பு இருந்தது.

"ஈரமா இருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

உள் அறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது, இன்னும் போடவில்லையா என்று. மண்டியே அவள் முகத்தைப் பார்த்தது.

"இன்னும் காயல மொதலாளி" என்று குழலி உரக்கச் சொன்னாள்.

உள்ளே நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் அவளும் காத்துக்கொண்டு நின்றாள்.